தொப்பி போட்ட நிழல்

அப்பா ஜப்பானிலிருந்து அனுப்பிய படங்களில் எல்லாம் ஒரே குளம்தான் இருந்தது. குளத்துக்கு இந்தப் பக்கம் அப்பா நிற்பார். அந்தப் பக்கம் கிளைகளுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்திய ஒரு கிழட்டுப் பைன் மரம் நிற்கும். சில படங்களில் பின்னால் நின்ற மரங்கள் பச்சையாக இருக்கும், சிலவற்றில் சிவந்திருக்கும். அப்பாவின் நீலச் சட்டை மட்டும் மாறாது. முதலில் இதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஜப்பான் என்றால் வாசலைத் திறந்ததும் குளமும் மரமும் இருக்கும் என்று நாவற்குடாவில் எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த எல்லோருமே நம்பியிருந்தார்கள்.

நம்பாதவர் சின்னம்மா. அம்மாவின் தங்கை, எங்கள் பின்வளவில் குடியிருந்தார். சந்தேகப்படுவதை அவர் ஒரு கடமையாகச் செய்துவந்தார். போனில் படத்தை இரண்டு விரலால் விரித்துப் பார்க்கும் வித்தையை ஒழுங்கையில் முதலில் பழகியவரும் அவர்தான். ஒரு நாள் அப்பாவின் படத்தை விரித்துக்கொண்டே போனார். முகத்தைத் தாண்டி, சட்டையைத் தாண்டி, சப்பாத்தையும் தாண்டிக் கீழே இறங்கினார். அங்கே புல்லின்மேல் ஒரு நிழல் கிடந்தது. படம் எடுத்த ஆளின் நிழல். தலையில் அகலமான தொப்பி.

"அக்கா, இத எடுத்தது ஆரு?"

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். "கூட வேல செய்ற ஆரும் எடுத்திருப்பாங்க."

"எல்லாப் படத்திலயும் இந்தத் தொப்பி இரிக்கி கா. இது பொம்புளத் தொப்பி."

அம்மாவின் கை அரிசிக்குள் அப்படியே நின்றது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அன்று சோற்றில் கல் கடிபட்டது.

அதன்பிறகு எல்லாமே சந்தேகமாகிப்போனது. அப்பா ஏன் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பேசுகிறார்? ஏன் முகம் காட்டிக் கதைக்கக் கேட்டால், அறையில் நெட் சரியில்லை என்கிறார்? வாகனக் கொம்பனிக் கந்தோரில் மேசையில் இருந்து செய்கிற வேலை என்று சொன்னவர் ஏன் அந்தக் கந்தோரின் ஒரு கதிரையையாவது இதுவரை படம் எடுத்து அனுப்பவில்லை? அம்மா முன்பள்ளி ஆசிரியை. சிறு பிள்ளைகள் பொய் சொன்னால் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். பார்க்க முகம் இல்லாததுதான் அவருடைய கஷ்டம்.

ஆகவே போய்ப் பார்ப்பது என்று முடிவானது. நான் ஆண்டு ஐந்து முடித்திருந்தேன். டிசம்பர் விடுமுறைக்கு வருகிறோம் என்று அம்மா சொன்னதும் அப்பா உடனே சந்தோஷப்படவில்லை. குளிர் கடுமை, பிள்ளைக்குத் தாங்காது, வெயில் காலத்தில் வாருங்கள் என்றார். சின்னம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு நான் அன்று கண்ட பொருள்: குற்றவாளி அவகாசம் கேட்கிறான். அம்மா விடவில்லை. கடைசியில் அப்பாவே டிக்கட் அனுப்பினார். விசாவுக்கான கடதாசிகளும் வந்தன. நாங்கள் போவதற்குள் எல்லாவற்றையும் ஒளித்துவிடுவார் என்று சின்னம்மா அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

புறப்படும்போது என்னைத் தனியாக மாமரத்தடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார்: "புள்ள, உங்கம்மா அழத்தான் தெரிஞ்சவ. அழுதா கண்ணுக்கு ஒண்டும் தெரியாது. பாக்கிற வேல உன்டதான்."

அப்படியொரு பொறுப்பு அதுவரை யாரும் எனக்குத் தந்ததில்லை. கட்டுநாயக்கா விமான நிலையம் வரை பெருமையில் வாயைத் திறக்காமல் போனேன்.

ஜப்பானில் இறங்கி அப்பாவைக் கண்டதும் நான் முதலில் பார்த்தது அவருக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று. யாரும் இல்லை. அப்பா மெலிந்திருந்தார். அம்மா அவருடைய கைகளைப் பார்த்தார். விரல் நுனிகள் வெடித்து, நகத்தைச் சுற்றிக் கறுத்திருந்தன. கந்தோர்க் கை அப்படியா இருக்கும் என்று அம்மா கேட்கவில்லை. அப்பாவும் கைகளை ஜக்கட் பைக்குள் போட்டுக்கொண்டார்.

எங்களைக் கூட்டிப்போன வீடு ஒரு கடைக்கு மேலே இருந்தது. சின்ன வீடுதான், ஆனால் வெதுவெதுப்பாக, சுத்தமாக இருந்தது. நான் உடனே வேலையைத் தொடங்கினேன். அப்பா லைட் போட சுவரைத் தடவினார். தம் வீட்டில் சுவிச் எங்கே என்று தெரியாத ஒரு மனிதர்! தேத்தண்ணி ஊற்றப் போய், கரண்டிக்காக லாச்சி லாச்சியாக இழுத்துத் திறந்தார். சுடுதண்ணிக் குழாய் எது என்று இரண்டையும் திருகிப் பார்த்தார். ஒவ்வொன்றையும் மனதில் குறித்துக்கொண்டேன். அம்மாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இவர் இங்கே இருப்பவர் இல்லை. அப்படியென்றால் எங்கே இருக்கிறார்? யாரோடு?

மறுநாள் காலை அம்மா அலுமாரியைத் திறந்தபோது உள்ளே மடித்து வைத்த ஒரு தொழுகைப் பாயும் வெள்ளைத் தொப்பியும் இருந்தன. அம்மா அலுமாரியை மெதுவாக மூடிவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, என்னிடம் இரகசியமாகக் கேட்டார்: "அப்பா நேத்துச் சாப்பிடக்குள்ள என்ன சொல்லிச் சாப்பிட்டவர்? ஏதும் ஓதினவரா?" நான் யோசித்துப் பார்த்தேன். உப்புக் குறைவு என்று சொன்னது மட்டும்தான் நினைவுக்கு வந்தது. சின்னம்மாவின் தொப்பிக்காரிக்கு இப்போது ஒரு மதமும் கிடைத்துவிட்டது. அவளைக் கலியாணம் முடிப்பதற்காக அப்பா மதம் மாறிவிட்டார் என்று நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லாமலே தீர்மானித்துக்கொண்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா, "படத்தில பாத்த இடத்துக்குப் போவமா?" என்று கேட்டார். அம்மா சேலையை இரண்டு தரம் மாற்றிக் கட்டினார். மேலே அப்பா கொடுத்த பெரிய கம்பளிக் கோட்டைப் போட்டதும் சேலையே தெரியவில்லை. ஆனாலும் மல்லுக்குப் போகிறவரைப் போலத்தான் படியிறங்கினார்.

ரயிலில் நெடுநேரம் போனோம். வாசலைத் திறந்ததும் குளம் என்ற எங்கள் ஒழுங்கையின் நம்பிக்கை அங்கேயே உடைந்தது. இறங்கி நடந்தபோது ஒரு பக்கம் வானத்தை முட்டும் கட்டடங்கள், மறுபக்கம் கல்லால் கட்டிய பெரிய மதில். மதிலைத் தாண்டினால் தோட்டம். வாசலில் டிக்கட் கொடுத்த ஆள் அப்பாவைக் கண்டதும் சிரித்துக் குனிந்தார். அப்பாவும் குனிந்தார். அந்த ஆள் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஓ!" என்று நீட்டிச் சொல்லி இன்னும் ஆழமாகக் குனிந்தார். அம்மா என் கையை இறுக்கினார். இங்கே இவரை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

வீட்டில் சுவிச்சைத் தேடிய மனிதர் தோட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். எந்தக் கல் வழுக்கும், எந்தப் பாதை சுற்றிப் போகும், எந்த வளைவில் திரும்பினால் குளம் திடீரென்று தெரியும், எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. புல் வெட்டி வாரியிருந்தது. பைன் மரங்களுக்கு இடுப்பில் வைக்கோல் பாய் சுற்றிக் கட்டியிருந்தார்கள். சில மரங்களின் உச்சியிலிருந்து குடைக் கம்பிகளைப் போலக் கயிறுகள் இறங்கிக் கிளைகளைத் தாங்கின. பனி விழுந்தால் கிளை முறியாமல் இருக்க அப்படிக் கட்டுவார்கள் என்று அப்பா சொன்னார்.

"மரத்துக்கெல்லாம் நல்ல கவனிப்பு," என்றார் அம்மா. அதில் ஒரு குத்தல் இருந்தது. அது மட்டும் எனக்கு விளங்கியது.

அப்பா அந்தக் குத்தலைக் கவனிக்கவில்லை. அவருக்குச் சொல்ல ஒரு கதை இருந்தது. இது அந்தக் காலத்துச் சிற்றரசர் ஒருவருக்காகச் செய்த தோட்டமாம். அவருடைய நாடு எங்கோ தூரத்தில். பெரிய அரசாங்கத்தின் கட்டளைப்படி அவர் ஒரு வருடம் தலைநகரத்தில் வந்து இருக்க வேண்டும், அடுத்த வருடம் தம் ஊருக்குப் போகலாம். மனைவி பிள்ளைகள் மட்டும் எப்போதும் தலைநகரத்திலேயே இருக்க வேண்டும். அவர்களைப் பிணையாக வைத்திருந்தார்களாம். இங்கே இருக்கும் வருடங்களில் ஊர் நினைவு வந்தால் பார்ப்பதற்கு, தம் நாட்டு மலையைப் போலவே ஒரு குட்டி மலையை மண்ணால் கட்டுவித்திருக்கிறார். "அந்தா, அதுதான்," என்று புல் மூடிய ஒரு மேட்டைக் காட்டினார். எங்கள் பள்ளிக்கூடத்து மைதானத்தில் கொட்டிய கிரவல் குவியலைவிட அது கொஞ்சம்தான் பெரிது.

அம்மா மலையைப் பார்க்கவில்லை. "பெண்சாதி இஞ்ச. அவர் ஒரு வருசம் அங்க," என்றார். "அப்ப அந்த வருசம் அவருக்கு ஆர் சமைச்சுக் குடுத்தது?"

அப்பா சிரித்தார். "அதொண்டும் எனக்குத் தெரியாது."

"எல்லாம் தெரிஞ்ச உங்களுக்கு அது மட்டும் தெரியா."

அப்பா எங்களைக் குளத்தின் ஓரமாகக் கூட்டிப்போனார். அங்கே ஒரு மதகு இருந்தது. கடல் பெருகும்போது திறந்து, வற்றும்போது மூடுவார்களாம். குளத்து நீர் உப்பு நீர். கரைக் கற்களில் நீர் ஏறி இறங்கிய கோடு தெரிந்தது, சின்னச் சிப்பிகள் ஒட்டியிருந்தன. நான் குனிந்தபோது ஒரு மீன் துள்ளி விழுந்தது.

"மணலை!" என்று கத்தினேன். எங்கள் முகத்துவாரத்தில் வாவி கடலோடு கலக்க ஆற்றுவாய் வெட்டிய நாட்களில் இப்படித்தான் துள்ளும். அப்பாவின் முகம் மலர்ந்தது. "ஓம் மகள், மணலைதான். மணத்தப் பாரு. நம்மட ஆத்தங்கர மணம்." நானும் மூக்கை நீட்டினேன். ஒரு கணம் உளவு வேலையை மறந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் அந்தத் தொப்பி வந்தது.

பைன் மரத்துக்குப் பின்னாலிருந்து, கையில் மூங்கில் வாரியோடு. அகலமான விளிம்பு, கழுத்தை மூடும் துணி, தாடைக்குக் கீழே முடிச்சு. சந்தேகமே இல்லை, நிழலில் கண்ட அதே தொப்பி. அம்மாவும் கண்டுவிட்டார். என் கையை விட்டுவிட்டுக் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்தார்.

தொப்பியின் கீழே இருந்தவருக்கு அம்மம்மா வயது. சருகு வாரும் தோட்ட வேலைக்காரி. கன்னம் குளிரில் சிவந்து, முன்பல் ஒன்று இல்லாமல், எங்களைக் கண்டதும் வாரியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். என் பெயரைச் சொன்னார்! நடுவில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டாலும் அது என் பெயர்தான். பிறகு அம்மாவின் பெயர். பிறகு நிறுத்தாமல் நீளமாக ஏதோ பேசினார், அப்பாவைக் காட்டினார், குளத்துக்குப் பக்கத்தில் வெயில் விழும் ஒரு வாங்குப் பலகையைக் காட்டினார், தலையில் அடித்துக்கொண்டார், சிரித்தார்.

"என்ன சொல்றா?" என்றார் அம்மா.

"வாங்க எண்டு சொல்றா," என்றார் அப்பா.

அவ்வளவு நீளமான பேச்சுக்கு இவ்வளவு குட்டி மொழிபெயர்ப்பு. எனக்கே அது போதாது. அந்தப் பெண்மணிக்கும் போதவில்லை போலும். அப்பாவை ஒதுக்கிவிட்டு அம்மாவின் முன்னால் வந்து நின்று, கைகளால் பேசத் தொடங்கினார். முன்பள்ளிப் பிள்ளைகளோடு காலம் கழிக்கும் அம்மாவுக்கு அது பழகிய மொழி.

முதலில் அப்பாவைக் காட்டினார். பிறகு இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்து, தலையைச் சாய்த்து, கண்ணை மூடினார். வாங்கைக் காட்டினார். திரும்பவும் தூக்கம். பிறகு தோள்களைக் கட்டிக்கொண்டு பல் அடிக்க நடுங்கிக் காட்டினார். விரலை மூக்கின் கீழ் வைத்துச் செத்துப்போனவரைப் போலக் கண்ணைச் செருகினார். பிறகு தாம் ஓடிவந்து எட்டிப் பார்த்ததை, உலுக்கியதை, எங்கிருந்தோ ஒரு கம்பளியைத் தூக்கி வந்து போர்த்தியதை, போத்தலிலிருந்து சூடாக ஏதோ ஊற்றிக் கொடுத்ததை எல்லாம் ஒரு நாடகமாகவே நடித்துக் காட்டினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா பல்லடித்து நடுங்குவது போல அவர் செய்தது அச்சு அசல் அப்பாதான்.

அம்மா சிரிக்கவில்லை.

"இஞ்சருங்க," என்றார். "நீங்க எங்க படுக்கிற?"

அப்பா குளத்தைப் பார்த்தார். "அந்த வீடு ஏறாவூர் முஸ்லிம் காக்கா ஒராள்ட. கீழ இருக்கிற கடையும் அவர்டதான். நீங்க வாறெண்டதும் அவர் எழும்பிப் போய்க் கூட்டாளி ஒராளோட படுக்கிறார்."

"நான் கேட்டது அதில்ல. நீங்க எங்க படுக்கிற?"

"யார்டில. பழைய வாகனம் கழட்டிற இடம். அங்க ஒரு கொண்டெய்னர் இரிக்கி... கட்டில் எல்லாம் போட்டுத்தான் இரிக்கி. நாங்க கொஞ்சப்பேர்."

"குளிராதா?"

"இரும்புதானே. ஒழுங்கா நித்திர வராது. ஞாயித்துக்கிழம எண்டா இஞ்ச வந்து வெயில்ல ஒழுப்பம் நேரம் படுப்பன். படம் எடுக்க நல்ல இடமும் இதுதான்." பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், "அந்த வாகன யார்டப் படம் எடுத்து அனுப்பி என்ன செய்ற?" என்றார்.

எனக்கு எல்லாம் காதில் விழுந்தது. என் மூளை பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான்: அப்பா கப்பலில் ஏற்றுகிற பெட்டிக்குள் குடியிருக்கிறார்! ஒழுங்கையில் வேறு எந்தப் பிள்ளையின் அப்பாவும் பெட்டிக்குள் குடியிருக்கவில்லை. "அப்பா, எனக்கு அதக் காட்டுங்க! நாமளும் அங்க போய்ப் படுப்பம்!" என்று துள்ளினேன்.

அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். அம்மா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. சின்னம்மா சொன்னது சரி, அம்மா அழுகிறார், இனிப் பார்க்கிற வேலை என்னுடையது என்று நான் கண்ணைத் தொப்பிக்காரியின் மீது வைத்தேன். ஆனால் அம்மா நேராக அவரிடமே போய், அவருடைய வெடித்த இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தத் தோட்டத்து அம்மா பதறிப்போய்க் குனிந்தார், அம்மாவும் குனிந்தார், இருவரும் மாறி மாறிக் குனிந்துகொண்டே இருந்தார்கள். எனக்குப் பெரிய ஏமாற்றம். பிடிக்க வந்த ஆளைப் பிடித்துவிட்டு இப்படியா செய்வது?

புறப்படும்முன் அந்த அம்மா எங்கள் மூவரையும் பைன் மரத்தின் எதிரே நிறுத்திப் படம் எடுத்தார். அம்மா அப்பாவை ஒட்டி நின்றார், அப்பாவின் கையை இழுத்துத் தம் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். வேறு எங்கேயாவது என்றால் அம்மா அப்படி நிற்கவேமாட்டார். அதையும் நான் குறித்துக்கொண்டேன்.

மிச்சமிருந்த நாட்களில் அப்பாவும் அம்மாவும் சமைக்கிற குசினியில் கதவைச் சாத்திக்கொண்டு நிறையக் கதைத்தார்கள். நான் வந்தால் பேச்சு நின்றுவிடும். அம்மா ஒருமுறை, "போதும். இனி ஒண்டும் சொல்லத் தேவல்ல," என்றது மட்டும் கேட்டது. பெரிய சண்டை நடக்கிறது என்று நினைத்தேன்.

ஊருக்கு வந்ததும் சின்னம்மா பெட்டியை இறக்கக்கூட விடாமல் கேட்டார். "என்னகா, ஆர் அவ?"

"அவரோட கந்தோரில வேல செய்ற ஒராள்ட தாய். வயசு போன மனுசி," என்றார் அம்மா கண் இமைக்காமல். "நல்ல வீடு. லைட் என்ன, சுடுதண்ணி என்ன, எல்லாம் இரிக்கி. ஆள் சுகமாத்தான் இரிக்கார்."

பெட்டி வீட்டைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடியது. பொய் சொல்லும் பிள்ளைகளை முழங்காலில் நிறுத்தும் அம்மா, கண்ணெதிரே, சின்னம்மாவின் முகத்தைப் பார்த்து, அடுக்கடுக்காகப் பொய் சொல்கிறார்! அப்பாவின்மீது இருந்த சந்தேகம் முழுவதையும் எடுத்து நான் அம்மாவின் மேல் போட்டேன். யாருக்காக ஒளிக்கிறார்?

சித்திரை வருடப் பிறப்புக்குக் கொஞ்சம் முந்தி அப்பா ஒரேயடியாக வந்துவிட்டார். கல்லடியில் வாகனம் திருத்தும் ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்தார். ஜப்பானிலிருந்து அவரைத் துரத்திவிட்டார்கள் என்று ஒழுங்கையில் சிலர் சொன்னார்கள். சின்னம்மா, அக்கா போய்ப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள் என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் பட்டது. ஜப்பானை விட்டுக் கல்லடிக் கராஜுக்கு வருவது தண்டனை இல்லாமல் வேறென்ன? ஆனால் தண்டனை பெற்றவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாயில் சாய்ந்தால் பொழுது சாயும் வரை அயர்ந்து தூங்கினார். அம்மா என்னையும் சின்னம்மாவையும் சத்தம் போடவிடாமல் பக்கத்தில் இருந்து காவல் காத்தார். தண்டனை கொடுத்தவர் செய்கிற வேலையா அது?

அதைவிடப் பெரிய குழப்பம் பிறகுதான் வந்தது. அம்மா மருதமுனைக்கு ஆள் அனுப்பி ஒரு நல்ல கைத்தறிச் சேலை எடுப்பித்தார். கத்தரிப்பூ நிறம், ஓரத்தில் மெல்லிய கரை. தமக்காக இருக்கும் என்று பார்த்தால், அதைப் பழுப்புக் கடதாசியில் சுற்றிக் கட்டி, மேலே அப்பாவைக்கொண்டு ஜப்பான் எழுத்தில் விலாசம் எழுதுவித்தார். என்னையும் கூட்டிக்கொண்டு தபால் கந்தோருக்குப் போனார்.

"ஆருக்கு அம்மா?"

"அந்தத் தோட்டத்து அம்மாக்கு."

"அவவுக்கு ஏன்? அவவுக்குச் சேல கட்டத் தெரியாதே."

"தெரியாட்டிப் போர்த்திக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, அம்மா பார்சலின் முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்து, இரண்டு கையாலும் யன்னலுக்குள் நீட்டினார்.

பிடிபட்ட கள்ளனை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு கள்ளிக்கு யாராவது சேலை அனுப்புவார்களா என்பதுதான் அந்த வயதில் என்னால் எவ்வளவு யோசித்தும் கண்டுபிடிக்க முடியாத விஷயமாக இருந்தது.